கன்னி மூலையில் நீலம்

வரும், வராமல் இருக்காது. நேற்று அந்தி சாயும் நேரத்தில் மொட்டைமாடியின் தென்மேற்கு மூலையில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரில், வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு புட்டி முழுவதும் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த நீலம் இந்தப் படுக்கையறைச் சுவரில் வந்து தலைகாட்டும் என்று என் மனம் திடமாகச் சொல்லுகிறது. விடிந்ததும் விளக்கேற்றிவிட்டு, காபி குடித்த தம்ளரைக்கூடக் கழுவாமல், மரநாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஐப்பசி மழை விட்ட காலையில் தச்சநல்லூர்த் தெருக்களில் குழிக்குக் குழி ஒதுங்கி நடந்து, பிரகாரம் சுற்றி, யாரிடமாவது கொஞ்சம் பேசி, அவர் திரும்புவதற்குள் எனக்கு உண்மை தெரிந்துவிடவேண்டும். சுவரைப் பார்க்கிறேன், சுவரும் என்னைப் பார்க்கிறது. சுண்ணாம்பு பொரிந்து, பொருக்குப் பொருக்காக எழும்பி, உதிர்ந்த இடத்தில் உப்புப் பூத்து, ஈரச் சாக்கின் நாற்றத்தோடு நிற்கிறது. ஓதம் என்பது சுவரின் நோய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். சுவருக்கு நோய் ஏது? அது தனக்குள் வந்ததை வெளியே சொல்லுகிறது, அவ்வளவுதான். சொல்லுகிறவனை அடித்து வாயை மூடவைப்பதில் நம்மைப் போல் வல்லவர்கள் உண்டா? அந்த மூலையில் உத்தரத்துக்குக் கீழே ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. நீலமா? இல்லை, ஒட்டடை. பொறு மங்கையர்க்கரசி, பொறு. மாதர் வழிபாட்டில் செவ்வாய்தோறும் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவள் நீ. ஒரு சுவருக்கு முன்னால் பொறுக்க முடியாதா?

வருகிற வெள்ளிக்கிழமை என் மகள் வடிவுக்கு வளைகாப்பு. கைநிறைய வளையல் அடுக்கி, ஐந்துவகைச் சோறு ஊட்டி, அன்றைக்கே காரில் ஏற்றிப் பிள்ளைப்பேற்றுக்கு அழைத்து வரவேண்டிய வீடு இது. படுக்கவேண்டிய அறை இது. வருவாளா என்பதுதான் இப்போது கேள்வி. போன மாதம் நாள் குறிக்க வந்த சம்பந்தியம்மாள் உலகம்மாள், பிள்ளை படுக்கப்போகும் இடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று இந்த அறைக்குள் நுழைந்தவள், மூக்குக்கு முந்தானையைக் கொண்டுபோனாள். கொண்டுபோன கையை, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்வதுபோல் இறக்கினாள். அந்த மரியாதைதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: “மதினி, தப்பா நினைக்காதீய. புள்ளைக்கு இழுப்பு உண்டும்லா. இந்தச் சுவத்துப் பக்கத்துல எப்படிப் படுக்க வைப்பிய? பேறுகாலத்தை எங்க வீட்டுலயே வச்சிக்கிடுதோம். நீங்க வந்து இருங்க.” அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லாத சொல்லுக்கு எப்படிப் பதில் சொல்லுவது? முன்பக்கத்து அறையில் படுக்கவைக்கிறேன் என்று சொன்னேன்; இரண்டு அறைக்கும் காற்று ஒன்றுதானே மதினி என்றாள். முதல் பேற்றுக்குப் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று ஒரு சம்பந்தி சொல்லிவிட்டாள் என்றால் ஊர் எதைப் பேசும் என்பதை விடு. ஊர் பேசட்டும். வடிவு இரவில் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்காரும்போது முதுகைத் தடவுகிற கை என்னுடைய கையாக இருக்கவேண்டும். சிறுபிள்ளையில் அவளுக்கு இழுப்பு வந்த இரவுகளில் எந்த இடத்தில் தடவினால் மூச்சு இறங்கும் என்று இந்த உள்ளங்கைக்குத் தெரியும். அந்த அறிவை நான் உலகம்மாளுக்கு எழுதியா கொடுக்க முடியும்?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கொத்தனார் முத்துக்குட்டி வந்தார்; சுவரைத் தட்டினார்; தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது என்றார். அடியில்தானே ஈரம் தெரிந்தது, பீரோவுக்கு இரு பக்கமும், அதன் காலுக்குக் கீழும். ஆகவே பீரோவை நகர்த்தாமல், அதன் இரு பக்கமும் இடுப்பளவு உயரத்துக்குச் சுவரைக் கொத்தி மருந்துக் கலவை பூசினார். மறு மழைக்கு அது கொப்புளித்தது. அதன்மேல் ஓடு பதித்தால் வெளியே தெரியாது என்றார், பதித்தோம். ஈரம் ஓட்டுக்கு மேலே ஏறிவந்து எட்டிப் பார்த்தது. அடுத்து, குளியலறைக் குழாய் கசிகிறது என்றார்கள், ஒரு வாரம் குளியலறையைப் பூட்டிவைத்துக் கொல்லையில் குளித்தோம், ஈரம் அசையவில்லை. பின்னே, பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் வாழைதான் காரணம் என்றார் இவர். அந்த வாழையின் மேல் இவருக்கு ஏற்கெனவே ஒரு கண். செண்பகம் வாழையை வெட்டுவதற்கு ஒப்புக்கொண்டு, குலை மட்டும் முற்றட்டும் அண்ணாச்சி என்று தவணை கேட்டாள். நல்லவேளை, குலை முற்றத் தாமதமாயிற்று; இல்லாவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத மரம் செத்திருக்கும். ஒருவன் வீட்டில் விளக்குப் புகைந்து கூரை கறுத்தது. மாதம்தோறும் ஏணி போட்டு ஏறிக் கூரைக்கு வெள்ளையடித்தான். வெள்ளையடிப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான். பக்கத்து ஊரிலிருந்தும் அவனைக் கூப்பிட்டார்கள். விளக்கின் திரியைக் கிள்ளிவிடவேண்டும் என்பது கடைசிவரை அவனுக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையைச் செவ்வாய்க்கிழமை சொல்லலாம். பெண்களே, உங்கள் வீட்டில் எதற்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்தவேண்டும். முன்வரிசையில் இருக்கும் பிச்சம்மாள் உடனே தன் மருமகளைத் திரும்பிப் பார்ப்பாள். அது வேறு கதை.

திரி எங்கே என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. இந்த மூலைக்குக் கன்னி மூலை என்று பேர். பீரோ இங்கேதான் இருக்கவேண்டும், நகர்த்தக்கூடாது என்பது இந்த வீட்டின் சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா நின்ற பீரோதான் இது. பிற்பாடு சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அதன் பின்புறத்தை யாருமே பார்த்ததில்லை. போன வாரம் பட்டுச்சேலை எடுக்கக் கதவைத் திறந்தபோது உள்ளே மேல்தட்டுச் சேலைதான் பூசணம் பிடித்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவை நன்றாக இருந்தன. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஈரம் தரையிலிருந்து ஏறினால் கீழ்த்தட்டல்லவா முதலில் கெடவேண்டும்? மழையில் நனைகிற மனிதனுக்கு முதலில் தலை நனையும்; ஆற்றில் இறங்குகிறவனுக்கு முதலில் கால் நனையும். இந்தப் பீரோவுக்குத் தலை நனைந்திருக்கிறது. இவர் வெளியே போகும்வரை காத்திருந்து, சாமான்களை எல்லாம் கட்டிலில் இறக்கி, காலுக்கடியில் பழஞ்சாக்கைச் செருகி, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் நான் கண்ட காட்சியை மறக்கமாட்டேன். உத்தரத்தின் மூலையிலிருந்து ஒரு மாட்டின் நாக்கைப்போல அகலமாக, கரும்பச்சையாக, கீழே வரவர விரிந்து இறங்கியிருந்தது ஈரம். பீரோ மறைத்ததைப் பார்க்காமல், பீரோ மறைக்காததை மட்டும் பார்த்து, அடியில் கண்டதை அடியில் பிறந்தது என்று எண்ணி, அடிக்கே மருந்து பூசியிருக்கிறோம். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெம்பு வந்தது. காரணம் இருக்கிறது, காரணத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்துக்கு மாடிப்படி இருக்கிறது. நேரே மேலே போனேன். மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர்; இரண்டு காகங்கள் குளித்துக்கொண்டிருந்தன. கைப்பிடிச் சுவரின் அடியில், சிமெண்டு பூசி அடைத்த பழைய நீர்த்துவாரம், ஒட்டுப் போட்ட வாயைப்போல் இருந்தது. ஒட்டின் ஓரத்தில் ஒரு நூலளவு வெடிப்பு.

அங்கேதான் என் மனம் சிக்குகிறது. துவாரத்தை அடைத்தது தண்ணீருக்காக அல்ல, வடிவுக்காக. வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம். வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து, மாடித் தண்ணீர் கன்னி மூலை வழியே வெளியேறுகிறது, பெண்ணின் பாக்கியமும் அதோடு போகிறது என்றார். ஈசானிய மூலையில் புதுத் துவாரம் போடச் சொன்னார். வீடு கட்டிய நாளிலிருந்து தளத்தின் வாட்டம் தெற்கும் மேற்குமாகச் சரிந்து இருக்கிறதே, தண்ணீர் எப்படி ஏறிப் போகும் என்று முத்துக்குட்டி அன்றே முனகினார். மெல்லியதாகச் சிமெண்டுப் பூச்சுப் போட்டு வாட்டத்தைத் திருப்பப் பார்த்தார்கள். வாட்டம் திரும்பவில்லை. ஆனால் அடைத்த சில மாதங்களிலேயே வடிவுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. அதன்பின் யாருக்கு வாய் வரும்? இவர் அந்த அடைத்த துவாரத்தைச் சன்னதிபோல் நினைத்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியைத் தொட்டதில்லை. தொட்டவர்களுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் மகள் என்று வந்தபோது அவர் கையிலிருந்து டெஸ்டர் நழுவிவிட்டது. அவரை நான் பழிக்கமாட்டேன். அன்பு மிகுந்த இடத்தில்தான் அச்சம் குடியேறுகிறது. ஆளில்லாத வீட்டில் திருடனுக்குக்கூட வேலை இல்லை. தலைத்தீபாவளிக்கு வந்தபோது வடிவுக்கு முதல் கரு தங்காமல் போயிற்று. இதே கட்டிலில் சுருண்டு கிடந்தாள். இவர் அந்த வாஸ்துக்காரரை மறுபடி அழைத்து வந்தார். அவர் அறையைச் சுற்றிப் பார்த்து, பீரோ மூலையிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கிறது, அதனால்தான் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிச் சுவரோடு ஒட்டினார்கள். பீரோ தரையில் உரசிய சத்தத்தைக் கேட்டபடி, போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு, அவள் படுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். போன வாரம் நான் தொலைபேசியில், சுவரைச் சரிசெய்துவிடுவேன், நீ வந்துவிடு என்று மன்றாடியபோது சொன்னாள்: “சுவரைப் பத்தி இல்லம்மா. அந்த வீட்டுல எது நடந்தாலும் ஒரு மூலையக் காட்டிருவாக.”

ஒரு மூலையைக் காட்டிவிடுவார்கள். காட்டினோமே. இழந்தவளிடம் இழப்புக்குக் காரணமாக ஒரு மூலையைக் காட்டினோம். உட்கார்ந்த இடத்தில் என் முழங்கால் குளிர்கிறது. ஓதம் நாற்காலிவரை வருமா? வராது, இது வேறு குளிர். துவாரத்தைத் திறந்து, அதன்பின் ஏதாவது ஆகிவிட்டால்? ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகிவிட்டால்? இந்த ‘ஆனால்’ ஒரு வெடிப்பு, நூலளவுதான் இருக்கிறது, அதன் வழியேதான் அத்தனை தண்ணீரும் இறங்குகிறது. அதற்கும் ஒரு மறுமொழி என்னிடம் உண்டு. முதல் கரு போன நாளிலும் அந்தத் துவாரம் அடைத்துத்தான் இருந்தது. அடைத்திருந்தும் போயிற்று. இது ஒரு வாக்கியம். பேச்சை அதோடு முடித்துவிடக்கூடிய வாக்கியம். இதை நாலைந்து நாளாக நாக்கின் அடியில் வைத்திருக்கிறேன். இவரிடம் சொன்னால் இவர் தோற்றுவிடுவார். தோற்ற மனிதர் மாடிக்கு ஏறுவாரா, மூலையில் உட்காருவாரா? மகளுக்கென்று தாம் கட்டிய ஒரே காவல் வெறும் சிமெண்டு என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்லுவது? உண்மை எல்லாவற்றையும் எறியவேண்டியதில்லை. கல்லையும் உண்மையையும் கையில் எடுத்தால், எதிரே நிற்பவரின் தலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். இதையும் செவ்வாய்க்கிழமை... இல்லை. இது செவ்வாய்க்கிழமைக்கு அல்ல. சன்னல் வழியே வெயில் நீண்டு சுவரில் விழுகிறது; கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்; உத்தரத்தின் மூலையில், ஒட்டடைக்கு இந்தப் பக்கம், ஒரு நிறம். கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கிறேன், மாட்டிப் பார்க்கிறேன். நாற்காலியின் மேல் ஏறி நின்று விரலால் தொடுகிறேன். விரல் நுனியில் நீலம். வேட்டி நீலம், சந்தேகத்துக்கு இடமில்லாத நீலம். வந்துவிட்டாயா என்று சுவரைக் கேட்டேன். சத்தமாகவே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், யார் வந்திருக்கா என்று கேட்டபடி உள்ளே வந்தார்.

நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது. நாற்காலியின் மேல் நின்ற என்னைப் பார்த்தார். மூலையை விட்டு விலகி நடு அறையில் நிற்கும் பீரோவை, பார்க்காததுபோல், பார்த்தார். இந்த ஒரு வாரமாக அவர் அதைக் கண்டும் காணாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி என் விரலைக் காட்டினேன். மேலே ஊற்றியதையும் கீழே வந்ததையும் சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வேலையில் இருந்த காலத்தில் கருகிய கம்பியின் நுனியை அப்படித்தான் பார்ப்பார். இதையும் வழிபாட்டில் சொல்லிவிடுவாயோ என்று ஒரு கிண்டல் செய்தார். கிண்டலில் உயிர் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தார். திறக்கத்தான் வேண்டும், அவர் இல்லை என்று சொல்லவில்லை. பேறுகாலம் முடியட்டும், பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு அதன்பின் திறக்கலாம், அதுவரை மாடித் தண்ணீரைத் தானே நின்று வாளியில் இறைத்துவிடுவதாகச் சொன்னார். இந்த வலிக்கும் முழங்காலோடு, ஐப்பசி கார்த்திகை முழுவதும், ஒவ்வொரு மழைக்கும். சொன்னால் செய்யக்கூடிய மனிதர்தான். நாக்கின் அடியில் அந்த வாக்கியம் புரண்டது. விழுங்கினேன். அதற்குப் பதிலாக வடிவு சொன்னதைச் சொன்னேன், அவள் சொன்ன சொல்லிலேயே, ஒன்றும் கூட்டாமல்: அந்த வீட்டில் எது நடந்தாலும் ஒரு மூலையைக் காட்டிவிடுவார்கள்.

தெருவில் கோலமாவுக்காரன் கூவிக்கொண்டு போனான். பீரோ நின்ற மூலைத் தரையில், வாஸ்துக்காரரோடு சேர்ந்து அதைத் தள்ளிய அன்று விழுந்த கீறல் இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது; அவர் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வடிவு சுருண்டு கிடந்த கட்டிலின் தலைப்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி கீறலைப் பார்த்தார். பிறகு எழுந்து, கருவிப்பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினார். நான் பின்னால் போனேன். மாடியில் தண்ணீர் இன்னும் நீலமாகக் கிடந்தது, வானத்தைவிட நீலமாக. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் இறங்கி, நல்ல காலை ஊன்றிக் குனிந்து, அடைப்பின் மேல் உளியை வைத்தவர், அடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “அன்னைக்கும் இது அடைச்சுத்தானே மங்கை இருந்தது.” சொல்லுவதற்கு என்னிடம் இருந்த ஒரே சொல்லை அவரே எடுத்துக்கொண்டார். முதல் அடியில் சிமெண்டு வெண்மையாகத் தெறித்தது. அடுத்த அடிகளில் துண்டு துண்டாக உள்ளே விழுந்தது. பிறகு தண்ணீர் ஒரு கணம் யோசித்ததுபோல் நின்று, வழி தெரிந்துகொண்டு, சுழித்து ஓடியது. எத்தனை காலம் தேங்கிய தண்ணீருக்கும் தன் வாட்டம் மறப்பதில்லை. கீழே சந்திலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. “மதினி, உங்க மாடியிலேர்ந்து நீலமாக் கொட்டுது. எங்க வீட்டு வேட்டியயும் கொண்டாந்து அலசிக்கிடவா?” இவர் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, வாழையை வெட்டவேண்டாம் தாயி, அது பாட்டுக்கு நிக்கட்டும் என்றார். குலை முத்துன பொறவு உங்களுக்கும் ஒரு சீப்பு உண்டு அண்ணாச்சி என்று அவள் சிரித்தாள்.

சுவர் இன்றைக்குக் காயாது, வெள்ளிக்கிழமைக்குள்ளும் காயாது. முத்துக்குட்டி வந்து துவாரத்துக்குக் குழாய் வைத்து, தளத்தின் பொய் வாட்டத்தைச் செதுக்கி, உள்ளே பதித்த ஓடுகளையும் கொப்புளித்த பூச்சையும் செங்கல்வரை உரித்து, உரித்த சுவரைக் காற்றிலும் வெயிலிலும் விட்டுவைக்கவேண்டும். உரித்த சுவர் அழகாக இருக்காது, இருக்கட்டும். அவசரப்பட்டுப் பூசாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காய்வதற்கு இடம் கொடு. அதுவரை வடிவு முன்னறையில் படுக்கட்டும், இந்தக் கதவைச் சாத்திவைக்கலாம், சன்னல் தெருப்பக்கம் திறந்திருக்கட்டும். உலகம்மாளிடம் இதை உள்ளபடியே சொல்லுவேன்: ஈரம் இருக்கிறது, ஆனால் இனி வராது, காரணத்தைக் கண்டுவிட்டோம். நிறுத்தின நோய்க்கும் மறைத்த நோய்க்கும் வித்தியாசம் தெரியாதவள் அல்ல அவள். ஆனால் முதலில் வடிவிடம் சொல்லவேண்டும். எண்ணை அழுத்திவிட்டு நின்றேன். இவர் பீரோவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அது எங்கே நிற்கவேண்டும் என்று யாரையும் கேட்காமல், சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கட்டுமா என்று சைகையால் என்னைக் கேட்டார். தலையசைத்தேன். வடிவிடம் மூலை, நீலம், துவாரம் எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் சுவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பாவேயா தொறந்தாக?”

ஆமாம் என்றேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. இழுப்பு இல்லாத, நீண்ட, சீரான மூச்சு. பிறகு அவள் சொன்னாள், வெள்ளிக்கிழமை காரில் பின்சீட்டுக்கு ஒரு தலையணை போட்டுவைக்கச் சொல்லு அம்மா, இடுப்பு வலிக்கிறது. நான் சொல்லுமுன்பே, பக்கத்தில் வந்து கேட்டுக்கொண்டு நின்ற மனிதர், தலையணையை வெயிலில் போட எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.